போர் நினைவுச் சின்னமும் கோட்டை அருங்காட்சியகமும்: எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் தெருக்காரர்கள், டியூஷன் பிள்ளைகள், காசிமேட்டிலிருந்தும் தண்டையார்பேட்டையிலிருந்தும் வரும் சிநேகிதர்கள் என்று ஐந்தாறு பேரைக் கோட்டைக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கும் கூட்டிப்போய் வருகிறேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

போர் நினைவுச் சின்னம்னா எது சார்? பஸ்ல போகும்போது பேரு மட்டும் கேட்டிருக்கேன்.

கோட்டையைத் தாண்டி மெரினா பக்கம் போகும்போது, நேப்பியர் பாலத்துக்கு முன்னால் வருகிறதே, அதுதான். பாறைகளின் மேல் வட்டமாகக் கட்டியது, சுற்றிலும் புல்வெளி. மெரினா அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்தில் அந்த இடத்துக்கு ‘க்யூபிட்ஸ் போ’ என்று பெயர், காமனின் வில் என்று அர்த்தம். முதல் உலகப் போரில் நேச நாடுகள் ஜெயித்ததற்காகக் கட்டினார்கள். பிறகு இரண்டாம் உலகப் போரில் சென்னை மாகாணத்திலிருந்து போய் உயிர்விட்டவர்களுக்கும் அதுவே நினைவிடமானது. சுதந்திரத்துக்குப் பிறகு 1948 காஷ்மீர், 1962 சீனா, பாகிஸ்தான் போர்கள் என்று கல்வெட்டுகள் சேர்ந்தன.

தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகிறவர்கள்கூட இறங்கிப் பார்த்ததில்லை. நானும் நாற்பது வயது வரைக்கும் பார்த்ததில்லை.

அருங்காட்சியகமும் அங்கேயே இருக்கா?

இல்லை. அது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது, நினைவுச் சின்னத்திலிருந்து நடக்கிற தூரம்தான். தொல்லியல் துறை நடத்துகிறது, காலை 9 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை விடுமுறை. இதை மட்டும் மறக்காதீர்கள், வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்து கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

திருவொற்றியூர்லருந்து எப்படி வரது? ராயபுரத்துலருந்து?

திருவொற்றியூர், காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை ஆட்கள் மெட்ரோ ஏறி ஹைகோர்ட் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டைக்கு நடக்கலாம், வயதானவர்கள் இருந்தால் ஆட்டோ. ராயபுரத்துக்காரர்கள் ரயிலில் பீச் ஸ்டேஷன் வந்து, வண்டி மாறி அடுத்த ஸ்டேஷனான கோட்டையில் இறங்கலாம். முதலில் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்த பிறகு நினைவுச் சின்னம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புல்வெளிப் பக்கம் மதிய வெயிலில் நிற்கவே முடியாது.

கோட்டைல தலைமைச் செயலகம் இருக்கே, நம்மள மாதிரி ஆளுங்கள உள்ள விடுவாங்களா?

விடுவார்கள். வாசலில் சோதனை இருக்கும், பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும், ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சட்டமன்றம் நடக்கும் நாட்களில் கெடுபிடி அதிகம், அப்போது தவிர்த்துவிடுங்கள். ‘மியூசியம் பார்க்க வந்தோம்’ என்று நிமிர்ந்து சொல்லுங்கள். லுங்கியில் வந்ததால் தயங்கி நின்ற ஒரு மீனவத் தாத்தாவை வாசலில் இருந்த காவலரே ‘வாங்க ஐயா’ என்று உள்ளே அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன்.

ராணுவமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேமரா, செல்போன் விஷயத்தில் எழுதிப்போட்டிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள்.

உள்ள என்ன இருக்கு? பசங்களுக்கு போரடிக்குமா?

கட்டடமே 1795இல் முடித்தது. அந்தக் கால வியாபாரிகள் கூடும் எக்ஸ்சேஞ்ச் அது. அதன் கூரையில்தான் 1796இல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. அருங்காட்சியகமாகத் திறந்தது 1948 ஜனவரியில். வாள், துப்பாக்கி, சீருடை, நாணயம், பழைய படங்கள் எல்லாம் இருக்கின்றன. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலை கோட்டையில் ஏற்றிய தேசியக்கொடியும் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் அதன் முன்னால் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

நான் அதிக நேரம் நிற்பது மெடல்கள் இருக்கும் இடத்தில். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே மதராஸ் சிப்பாய்கள் கப்பலேறி ஜாவா வரைக்கும், பர்மா வரைக்கும் போயிருக்கிறார்கள். ஜாவாப் படையெடுப்பு 1811, முதல் பர்மா யுத்தம் 1824. கடல் தாண்டக் கூடாது என்ற எண்ணமும் ஒரு காரணமாக வங்காளப் படையில் அதே 1824இல் பெரிய கலகமே நடந்தது, நம்மவர்கள் போய்விட்டு வந்தார்கள். உலகப் போருக்கு நூறு வருடம் முன்பே தொடங்கிய கதை இது.

நேரம் இருந்தால் கோட்டைக்குள்ளேயே இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தையும் பாருங்கள், 1680இல் கட்டியது. சுவரெல்லாம் அதிகாரிகளுக்கு வைத்த பளிங்குக் கல். ஒவ்வொருவரைப் பற்றியும் எத்தனை வரி! அதைப் பார்த்துவிட்டு நினைவுச் சின்னத்துக்குப் போனால், சிப்பாய்க்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டியிருக்காது.

நம்ம ஆளுங்க எந்த நாட்டுக்கெல்லாம் போனாங்க? சண்டை வடக்கத்திக்காரங்கதானே போட்டாங்க?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்தார்கள். சுமார் 74,000 பேர் செத்துப்போனார்கள். பஞ்சாபிலிருந்து ஆள் அதிகம் என்பது உண்மை. அதற்குக் காரணம் உண்டு: 1880களில் மதராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் அவரே தளபதியானார். ‘வீர இனம்’ என்ற பேச்சு பரவி, மதராஸ் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆனால் 1914இல் ஆள் தேவைப்பட்டதும் மறுபடி நம் ஊர்களுக்கு வந்தார்கள்.

63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்று ஒரு காலாட்படைப் பட்டாளம் இருந்தது. அவர்களைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகத்தில் 1914 நவம்பர் தொடக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். வாரக்கணக்கில் கப்பலில் அடைந்து கிடந்தவர்கள். எதிரே ஜெர்மானியரின் எந்திரத் துப்பாக்கிகள். போதாததற்கு, மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து தேனீக்கள் கொட்டின. சண்டை தோல்வியில் முடிந்தது. படை நடுங்கி ஓடியது என்று எழுதிவைத்தார்கள், அந்த நிலையில் இறக்கிவிட்டவர்களைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

அப்புறம் மதராஸ் சாப்பர்ஸ். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. பட்டாளத்தில் இவர்களுக்கு இன்றைக்கும் ‘தம்பி’ என்றுதான் பெயர். முதல் போரில் பிரான்ஸ், மெசபடோமியா (இப்போதைய ஈராக்). இரண்டாம் போரில் ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா. சுபேதார் சுப்பிரமணியன் என்ற சாப்பர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோவுக்கு அருகே கண்ணிவெடி ஒன்று வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேலேயே விழுந்தார். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். இந்தப் பெயரை நம் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதனால் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் நான் சொல்லிவிடுகிறேன்.

எம்டன் குண்டு போட்டதுக்குத்தான் இதக் கட்டினாங்களா?

இல்லை, அது வேறு. ஆனால் அதே போர். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் வந்து சுமார் 130 குண்டுகள் வீசியது. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். ஹைகோர்ட் சுற்றுச்சுவரில் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ஹைகோர்ட்டில் இறங்கி வருகிறவர்கள் வழியிலேயே பார்த்துவிடலாம். அந்தக் கப்பலை நவம்பர் 9ஆம் தேதியே கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று அடித்து முடக்கிவிட்டது. பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது: கெட்டிக்காரப் பையனை ‘சரியான எம்டன்டா’ என்கிறோம் இல்லையா!

எங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துல செத்தாராம். அவர் பேரு அந்தக் கல்லுல இருக்குமா?

அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு நேராகக் கல்லுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். மாகாணத்திலிருந்து போய் உயிர்விட்ட எல்லோருக்கும் பொதுவாக எழுப்பியது அது. செத்தவர் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிய பட்டியல் அங்கே இல்லை. பழைய வழக்கமே அப்படித்தான். பல ஊர்களில் ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர்கொடுத்தார்கள்’ என்று எண்ணை மட்டும் செதுக்கிய கல் இருக்கும்.

அதனால்தான் வருகிறவர்களிடம் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்பேன்: முதலில் பெயரைக் கண்டுபிடியுங்கள், பெயரோடு வாருங்கள். சொந்தத்தில் யாரும் இல்லையென்றால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெயர் போதும். பெயர் தெரியாமல் நின்றால் அது பாறையும் புல்லும்தான். ஒரு முனுசாமியையோ சின்னப்பனையோ மனதில் வைத்துக்கொண்டு நின்றவர்கள், கிளம்பலாம் என்று நான் கூப்பிடும்வரை நகர்ந்ததில்லை.

சரி, பேர எங்க தேடறது? காசு கட்டணுமா?

இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் கல்லறைகளையும் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (ஆங்கிலத்தில் CWGC) இணையதளத்தில் தேடலாம், இலவசம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் பணியில் இறந்தவர்கள் அதில் இருப்பார்கள். உயிரோடு திரும்பிவந்து பிறகு காலமானவர் இருக்கமாட்டார்.

கஷ்டம் எழுத்தில்தான். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முனுசாமி என்றால் முனிசாமி, முனுசுவாமி, மூனுசாமி என்று ஐந்தாறு விதமாகப் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பட்டாளத்தின் பெயரைப் போட்டு வடிகட்டுங்கள். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் ஊர்ப் பெயரைப் போட்டும் தேடலாம், சென்னையைப் பழைய பெயரில் மெட்ராஸ் என்று போடுங்கள். இரண்டாம் போர்க்காரர்களுக்கு ‘இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன ஊர்’ என்று பல நேரம் இருக்கும். மனைவியின் பெயரைப் பார்த்ததும் ‘இது எங்க ஆயாதான்’ என்று அடையாளம் கண்டவர்கள் உண்டு.

வீட்ல ஒரு மெடல் இருக்கு, யாருதுன்னே தெரியல. என்ன பண்றது?

முதலில் புளி போட்டு விளக்காதீர்கள். சொல்லாமலே முதலில் செய்வது அதுதான். எங்கள் தெருவில் ஒரு பாட்டி ட்ரங்குப் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு ஆள், 1914, 1918 என்ற வருடங்கள். பாட்டிக்கு அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. விளிம்பைத் திருப்பி, செல்போன் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு எண், சாப்பர் என்ற பதவி, பெயர், பட்டாளத்தின் சுருக்கம் என்று அரிசி மணியைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது. வருடாவருடம் பொங்கலுக்குத் தேய்த்ததில் பெயரின் பின்பாதி மழுங்கியிருந்தது. நான் வாசித்த பாதியைக் கேட்டதும் மீதியைப் பாட்டியே சொன்னார், மாமனாரின் அப்பா பெயர் அது.

முதல் போர் மெடல்களில் விளிம்பைக் கட்டாயம் பாருங்கள். அதே மெடல் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் தொழிலாளர் படையில் மண்வெட்டி பிடித்தவராகவோ படையோடு போன வேலைக்காரராகவோ இருக்கலாம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்கல வட்டு, அதில் ஒரு பெண் உருவமும் சிங்கமும், பதவி இல்லாமல் வெறும் பெயர் என்றால் அது போரில் இறந்தவர் வீட்டுக்கு அனுப்பியது. விளிம்பைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, மேலே சொன்னபடி தேடுங்கள்.

பேரு கிடைச்சுது, ஆனா கல்லறைன்னு இல்லாம ‘பஸ்ரா நினைவிடம்’னு போட்டிருக்கு. அப்போ உடம்பு?

மெசபடோமியாவில் இறந்தவர் என்று அர்த்தம். கல்லறை தெரியாதவர்களும் தகனம் செய்யப்பட்டவர்களும் இப்படி நினைவிடங்களில் வருவார்கள். பஸ்ராவில் 40,000க்கும் அதிகமானோருக்கான நினைவிடம் அது. பிரான்ஸில் இறந்தவர் என்றால் நூவ் ஷாப்பெல், பர்மா என்றால் யாங்கோன் அருகே தாக்கியான்.

பஸ்ராவில் ஒரு அநியாயம் நடந்தது. கல்லில் ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் போட்டார்கள், இந்திய அதிகாரிக்கும் போட்டார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு, பட்டாளத்தின் பெயரைப் போட்டு இத்தனை பேர் என்று எண் மட்டும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி எண்ணானார்கள். இப்படிச் சமமாக நினைவுகூராமல் விட்டது தவறு என்று அந்த ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. உங்களுக்கு இணையதளத்தில் பெயர் கிடைத்திருக்கிறது இல்லையா, அதைப் பிரின்ட் எடுத்து வீட்டில் மாட்டுங்கள்.

வெள்ளக்காரனுக்காகச் சண்ட போட்டவங்களுக்கு நாம எதுக்கு மரியாத பண்ணணும்?

நியாயமான கேள்விதான். யாருடைய போர் என்றால், நம்முடையது இல்லை. ஆனால் போனவர் யார் என்றும் பார்க்க வேண்டும். முதல் போரில் சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். நிலம் இல்லாதவனுக்கு, ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்கு அந்தச் சம்பளமும் சீருடையும் என்னவாக இருந்திருக்கும்? மதராஸ் சாப்பர்ஸில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து நிறையப் பேர் சேர்ந்தார்கள். பட்டாளத்துக்குப் போனதால்தான் எங்கள் வீட்டில் முதல் தலைமுறை எழுத்துக் கற்றது என்று சொல்லும் குடும்பங்கள் பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் இருக்கின்றன. காந்தியே 1918இல் குஜராத்தில் ஊர் ஊராகப் போய்ப் படைக்கு ஆள் சேர்த்தார். அவரே அப்படி நினைத்த காலத்தில் இவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே நான் மரியாதை செய்வது பேரரசுக்கு இல்லை. பெயர்கூட எழுதாமல் விட்டார்களே, அவர்களுக்கு.

நேதாஜி படைல இருந்தவங்க பேரு வருமா? எங்க தாத்தா ஐ.என்.ஏ.

மேலே சொன்ன இடங்களில் பெரும்பாலும் வராது. ஆங்கிலேயரை எதிர்த்த படை அல்லவா. மலாயா, பர்மாவிலிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையில் வளர்ந்தவர். பர்மாவிலிருந்து திரும்பி பர்மா பஜாரில் கடை போட்ட குடும்பங்களில் இந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் பிரிட்டிஷ் பட்டாளத்திலும் தம்பி ஐ.என்.ஏ.விலும் இருந்ததாகச் சொன்னவரைச் சந்தித்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்து நின்றுவிட்டு வந்தார்.

சயாம் ரயில் பாதை போடப் போன எங்க பெரியப்பா?

அவர் சிப்பாய் இல்லை, கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர். அதனால் படைப் பட்டியல் எதிலும் இருக்கமாட்டார். சயாமுக்கும் (இப்போதைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 1942, 43இல் ஜப்பானியர் போட்ட அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள், வெள்ளைக்காரக் கைதிகளுக்குத்தான் தனித்தனிக் கல்லறை. குடும்பத்தில் யாருக்காவது நினைவிருந்தால் எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டு இப்போதே எழுதிவையுங்கள். வேறு பதிவு கிடைப்பது அரிது.

அமைதிப்படைல போய் செத்தவங்கள நினைக்கலாமா? தப்பா எடுத்துப்பாங்களா?

1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். 1987 நவம்பரில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழர். அதே படை இருந்த காலத்தில்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளும் டாக்டர்களும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1990இல் அந்தப் படை திரும்பிவந்து இறங்கியது நம் துறைமுகத்தில்தான், வரவேற்க முதலமைச்சர் போகவில்லை.

நினைக்கலாம். மகனை இழந்த தாய் இங்கேயும் இருக்கிறார், அங்கேயும் இருக்கிறார். எங்கள் கூட்டத்தில் ஈழத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் உண்டு. அவர் இருக்கும்போது இந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. அவராக எடுத்தால் எல்லோரும் கேட்டுக்கொள்வோம்.

அங்க பூ வைக்கலாமா? கற்பூரம் ஏத்தலாமா?

பூ வைக்கலாம். கற்பூரம், ஊதுபத்தி வேண்டாம். கேட் பூட்டியிருந்தால் கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள், ஏறிக் குதிக்க வேண்டாம். ஜனவரி 26, டிசம்பர் 16 மாதிரி நாட்களில் அரசும் ராணுவமும் மலர்வளையம் வைப்பார்கள், அன்று காலையில் நமக்கு வழி இருக்காது.

நந்தம்பாக்கம் கல்லறைக்கும் போகணுமா?

முடிந்தால் வேறொரு நாள் போங்கள். இரண்டாம் போரில் இறந்த 857 பேர் அங்கே இருக்கிறார்கள். பின்பக்கம், முதல் போர்க் காலத்தில் இறந்து வேறு இடங்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு நினைவிடம். நன்றாகப் பராமரிக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து தூரம், ஒரே நாளில் இரண்டையும் சேர்த்தால் பிள்ளைகள் களைத்துவிடுவார்கள்.

அடுத்த தடவ எப்ப போறீங்க? நாங்களும் வரலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஹைகோர்ட் மெட்ரோ வாசலில் இருப்பேன். தண்ணீர் பாட்டில், குடை, அடையாள அட்டை கொண்டுவாருங்கள். மெடல் இருந்தால் அதை எடுத்துவர வேண்டாம், விளிம்பின் போட்டோ போதும். ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் ஆளின் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், அங்கே போனதும் ஒவ்வொருவராகச் சத்தமாகப் படிப்போம்.